குழாயடியிலிருந்து குழந்தையின் வாய் வரை: வாசகர் கேள்வி பதில்

குடிநீர், சுத்தம், சிறு பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். குடிக்கத் தகுந்தது என்று அறிக்கை வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அடிக்கடி பேதியாகிறது. அறிக்கை தப்பா?
(கிராம சுகாதாரச் செவிலியர், தருமபுரி மாவட்டம்)

அறிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் அது தொட்டியைப் பற்றிய அறிக்கை. பிள்ளை குடிப்பது குழாய், ட்யூப், குடம், சொம்பு, டம்ளர் எல்லாம் கடந்து வந்த தண்ணீரை. வழியில் எங்கே கெட்டது என்று பார்க்காமல் தொட்டியை மட்டும் திரும்பத் திரும்பச் சோதிப்பதில் பயன் இல்லை.

முதலில் குழாய். தினமும் ஒரு மணி நேரமோ, இரண்டு நாளுக்கு ஒரு முறையோ தண்ணீர் விடும் ஊரில், மற்ற நேரம் குழாய் காலியாகக் கிடக்கும். அப்போது விரிசல் வழியே சுற்றியிருக்கும் சாக்கடை ஈரம் உள்ளே கசியும். யாராவது இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கசிவு இன்னும் கூடும். அழுத்தம் போதவில்லை என்று வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் நிறைய. மழை பெய்தால் அந்தக் குழி நிரம்பி, குழாயின் வாய் அழுக்குத் தண்ணீரில் மூழ்கிவிடும். கர்நாடகத்தில் ஹுப்ளி, தார்வாட் நகரங்களில் விட்டுவிட்டு வரும் நீரையும் 24 மணி நேர விநியோக நீரையும் ஒப்பிட்டார்கள். விட்டுவிட்டு வரும் நீரில் மலக்கிருமி அதிகம், அதிலும் திறந்தவுடன் வரும் முதல் தண்ணீர் மோசம் என்று தெரிந்தது. ஆகவே முதலில் வருவதைப் பாத்திரம் கழுவவோ செடிக்கோ விட்டுவிட்டு, பிறகு குடிக்கப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வீடு. குடத்தில் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் ட்யூபின் உள்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் படிந்திருக்கும். அது கிருமிகளின் குடியிருப்பு. அதைவிடப் பெரிய சிக்கல், வாய் அகன்ற பாத்திரத்தில் சொம்பை விட்டு மொள்ளுவது. சொம்போடு விரல்களும் தண்ணீரில் இறங்குகின்றன.

ஆகவே ஒரே நாளில் மூன்று இடங்களில் மாதிரி எடுங்கள்: தொட்டியின் வெளியேறும் குழாய், தெருவின் கடைசிக் குழாய், வீட்டுக் குடம். குழாயில் எடுக்கும்போது துணி, ட்யூப் எல்லாவற்றையும் கழற்றி, வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். வீட்டில் நீங்களே மொள்ளக் கூடாது. "பாப்பாவுக்குக் குடிக்கக் கொடுப்பதுபோல் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டு, தாய் எந்தப் பாத்திரத்தில் எப்படி எடுத்துத் தருகிறாரோ அதையே பாட்டிலில் வாங்குங்கள். குளோரின் கலந்த நீர் என்றால் சோடியம் தயோசல்ஃபேட் போட்ட கிருமிநீக்கிய பாட்டில் வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேரும் வரை குளோரின் பாட்டிலுக்குள்ளேயே கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும், பொய்யாக நல்ல முடிவு வரும். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் காற்றிடம் விட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

தொட்டியிலும் கடைசிக் குழாயிலும் சுத்தம், குடத்தில் மட்டும் ஈ.கோலி (மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா) என்றால் வேலை வீட்டுக்குள்ளே. கடைசிக் குழாயிலேயே இருந்தால் ஊராட்சியில் போய்ப் பேச வேண்டும்.

கேள்வி: கருப்பாக மாறும் சோதனை பாட்டில் எங்கள் மகளிர் குழுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பலாமா?
(சுய உதவிக் குழு உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்)

முதல் சல்லடையாக நம்பலாம். இந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனையை மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று இந்திய ஆய்வாளர்கள் 1982ல் வெளியிட்டார்கள். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். கருத்தால் மலக்கலப்பு இருக்கலாம் என்று பொருள். எவ்வளவு என்று சொல்லாது. மண்ணில் இயல்பாக வாழும் சில பாக்டீரியாக்களும் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும் என்பதால் சில ஆழ்துளைக் கிணறுகளில் காரணமில்லாமலும் கருக்கும். மூடியின் உள்பக்கத்தில் விரல் பட்டாலும் கருக்கும். கருத்த பாட்டிலில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி வைத்துவிட்டுக் கொட்டுங்கள், வாய்க்காலில் அப்படியே கவிழ்க்காதீர்கள்.

கேள்வி: 30,000 லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்? ஒருவர் ஒரு கைப்பிடி என்கிறார், இன்னொருவர் அரைக் கிலோ என்கிறார்.
(தொட்டி ஆபரேட்டர், விழுப்புரம் மாவட்டம்)

கைப்பிடிக் கணக்கு வேண்டாம், எடைக் கணக்கு போடுவோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் என்று வைத்தால் 30,000 லிட்டருக்கு 30 கிராம் குளோரின் தேவை. புதிய பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆகவே 91 கிராம் பவுடர். திறந்த மூட்டையில் ஈரம் பட்டுக் கிடந்து வீரியம் 20 சதவீதமாக இறங்கிப்போன பவுடர் என்றால் அதே வேலைக்கு 150 கிராம். கட்டிதட்டிப் போய், மூக்கைத் துளைக்கும் வாடையே இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்பு. எவ்வளவு போட்டாலும் பயன் இல்லை.

பவுடரை நேரே தொட்டியில் தூவக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு வாளி முக்கால் வரை நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும் வரை விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அரித்துவிடும். தொட்டி நிரம்பத் தொடங்கும்போதே ஊற்றினால் வரும் தண்ணீரோடு நன்றாகக் கலக்கும். ஊற்றிய பின் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள்.

91 கிராம் என்பது தொடக்கம்தான். சரியான அளவைத் தெருவின் கடைசிக் குழாய் சொல்லும். அங்கே குளோரோஸ்கோப்பில் (மிச்சக் குளோரினை அளக்கும் சிறு கருவி) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் தெரிய வேண்டும், இந்தியத் தர நிர்ணயம் கேட்பது அதுவே. தெரியவில்லை என்றால் 10 முதல் 20 கிராம் கூட்டி மறுநாள் பாருங்கள். எவ்வளவு கூட்டியும் தென்படவில்லை என்றால் பவுடர் செத்திருக்கிறது, அல்லது தொட்டி அடியில் சேறு இருக்கிறது, அல்லது வழியில் எங்கோ சாக்கடை கலக்கிறது. குளோரினைச் சேறு தின்றுவிடும். கழுவாத தொட்டியில் குளோரின் ஊற்றுவது காசுக்குக் கேடு.

கலங்கல் நீரிலும் இதே கதை. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளிய வைப்பது நம் பழைய வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட. ஆனால் மண்தான் அடியில் இறங்கும், கிருமி முழுக்கப் போகாது. தெளிந்த பிறகு குளோரின் போடவோ காய்ச்சவோ வேண்டும்.

கேள்வி: தண்ணீர்த் தரம், கைகழுவுதல், கழிப்பறை மூன்றையும் வைத்து ஐந்து வயதுக்கு உட்பட்டோரின் பேதியைக் கணிக்கும் புள்ளியியல் மாதிரி ஒன்றை ஆய்வேட்டுக்காகக் கட்டுகிறேன். ஈ.கோலிக்கும் பேதிக்கும் தொடர்பே வரவில்லை. எங்கே தவறுகிறேன்?
(பொது சுகாதார முதுகலை மாணவி, திருச்சி)

தொடர்பு இல்லாமல் இல்லை, உங்கள் அளவீடு அதைக் கரைத்துவிட்டிருக்கலாம். ஒரே குடத்தில் காலையில் 100 மில்லிக்கு 5 ஈ.கோலி, மாலையில் 80 என்று வருவது சகஜம். ஒரே ஒரு தண்ணீர் மாதிரியை வைத்து அந்த வீட்டின் தரத்தை முடிவு செய்தால் உண்மையான தொடர்பு பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருங்கும். வீட்டுக்கு மூன்று நான்கு முறை, வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் எடுங்கள். எண்ணிக்கையை அப்படியே போடாமல் லாக் (மடக்கை) எடுத்துப் போடுங்கள், அல்லது 1க்குக் கீழ், 1 முதல் 10, 11 முதல் 100, 100க்கு மேல் என்று வகை பிரியுங்கள். பூஜ்ஜியத்துக்கு லாக் கிடையாது என்பதால் பலர் அந்த வீடுகளையே விட்டுவிடுகிறார்கள். விடுபடுவது மிகச் சுத்தமான வீடுகள். அவற்றை, சோதனையால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவின் பாதியாக வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

பேதிக்கு வரையறை வேண்டும்: 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் இளக்கமான மலம். கடந்த 7 நாளைக் கேளுங்கள், அதற்கு மேல் போனால் தாய்க்கு நினைவு மங்கும். "பேதி வந்ததா?" என்று மட்டும் கேட்டால், பல் முளைக்கும்போது வருவதையும் மாந்தத்தையும் பல தாய்மார் பேதியில் சேர்க்க மாட்டார்கள். எத்தனை முறை, எவ்வளவு இளக்கம் என்று தனித்தனியே கேளுங்கள்.

வயதை மாதத்தில் எழுதுங்கள், அதையும் நேர்கோடாகப் போடாதீர்கள். இணை உணவு தொடங்கித் தவழும் ஆறாம் மாதத்திலிருந்து பேதி ஏறும், இரண்டு வயதுக்குப் பிறகு இறங்கும். இந்த வளைவைப் பிடிக்காத புள்ளியியல் மாதிரி மற்ற எல்லா எண்களையும் கெடுக்கும்.

பலரும் செய்யும் பெரிய பிழை, கிடைத்த எல்லா மாறிகளையும் ஒரே சமன்பாட்டில் கொட்டுவது. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் கெடுகிறது, கெட்ட தண்ணீரால் பேதி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையின் மொத்த விளைவைக் கேட்கும்போது குடத்து ஈ.கோலியையும் அதே சமன்பாட்டில் சேர்த்தால், கழிப்பறையின் பலனில் ஒரு பகுதியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறி போட்டு ஒரு தாளில் வரைந்த பிறகே கணினியைத் திறங்கள்.

தண்ணீரையும் சுற்றுப்புறத்தையும் பெருக்கிய ஊடாட்ட மாறி (ஒன்றின் பலன் மற்றதைப் பொறுத்து மாறுகிறதா என்று காட்டுவது) ஒன்றும் கட்டாயம் வேண்டும். பிலிப்பைன்ஸின் செபுவில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வின் தரவுகளை வைத்து வாண்டர்ஸ்லைஸ், பிரிஸ்கோ என்ற இரு ஆய்வாளர்கள் 1995ல் இதைக் காட்டினார்கள். சுற்றுப்புறம் மிக மோசமான பகுதிகளில் குடிநீரைச் சுத்தமாக்கியும் பேதி குறையவில்லை. சுற்றுப்புறம் நன்றாக இருந்த பகுதிகளில் மட்டும் நல்ல தண்ணீருக்குப் பலன் தெரிந்தது. எல்லா ஊரையும் கலந்து சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். உங்கள் தரவிலும் அதுவே நடந்திருக்கக்கூடும்.

கடைசியாக மாதிரி அளவு. பேதி 8 சதவீதத்திலிருந்து 5.6 சதவீதமாகக் குறைவதைப் பிடிக்க (5 சதவீதப் பிழை வரம்பு, 80 சதவீதத் திறன்) ஒப்பிடும் இரண்டு குழுக்களில் ஒரு பக்கத்துக்கு 1,721 பிள்ளைகள் வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். ஊருக்கு 20 பேர், ஊருக்குள் பிள்ளைகளின் ஒப்புமை 0.02 என்றால் அந்த 1,721ஐ 1.38ஆல் (1 + 19 × 0.02) பெருக்க வேண்டும். அப்போது 2,375 பிள்ளைகள், அதாவது 119 ஊர்கள், ஒரு பக்கத்துக்கு மட்டும். முதுகலை ஆய்வேட்டுக்கு இது முடியாது. ஆகவே பேதியை விட்டுவிட்டு, குடத்தில் ஈ.கோலி எதனால் ஏறுகிறது என்ற கேள்விக்கு மாறிக்கொள்ளுங்கள். அதற்குச் சில நூறு வீடுகள் போதும்.

கேள்வி: தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். வயலுக்குப் போகும் நாளிலும் ஊருக்குப் போகும் நாளிலும் மட்டும் முடிவதில்லை. வாரத்தில் ஒரு நாள்தானே?
(வாசகி, பெரம்பலூர்)

இதற்குக் கணக்கு கொஞ்சம் கசப்பாக இருக்கும். காய்ச்சாத தண்ணீரால் ஒரு நாளில் தொற்று வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்றும், காய்ச்சினால் அது நூறில் ஒரு பங்காகக் குறைகிறது என்றும் எடுத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக வைத்த எண்கள். ஆண்டு முழுவதும் காய்ச்சினால் ஒரு முறையாவது தொற்று வரும் வாய்ப்பு 3.6 சதவீதம். வாரத்தில் ஒரு நாள் தவறினால் அது ஏறக்குறைய 42 சதவீதமாகிவிடும். பத்து நாளுக்கு ஒரு முறை தவறினாலும் 33 சதவீதம். இன்னும் நூறு மடங்கு சிறந்த வடிகட்டி வாங்கி, பத்து நாளுக்கு ஒரு முறை தவறவிட்டால்? 31 சதவீதம். விலை உயர்ந்த கருவியைவிடத் தவறாத வழக்கம் பெரிது என்பது இதனால்தான். ஆய்வாளர்களின் கணித மாதிரிகளும் இதையே சொல்கின்றன.

எனவே தவறும் நாளுக்கு ஒரு மாற்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் குடிநீருக்கு என்று அட்டையில் போட்டிருக்கும் குளோரின் மாத்திரை ஒன்று, அரை மணி நேரம், போதும். காய்ச்சும் நாளில் தளதளவென்று கொதி வந்ததும் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் சரி, பத்து நிமிடம் எரித்து விறகைச் செலவழிக்க வேண்டாம். ஆறிய பின் வேறு குடத்துக்கு மாற்றாமல் அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். காய்ச்சிய நீரில் குளோரின் இல்லை, ஒரு விரல் பட்டால் தடுக்க அதில் ஒன்றும் கிடையாது. அடியில் குழாய் வைத்த பாத்திரம் கிடைத்தால் நல்லது.

கேள்வி: கிராமத்தில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டிக் கொடுத்தோம். இரண்டு வருடம் ஆகியும் பேதி குறையவில்லை. ஏன்?
(தொண்டு நிறுவனப் பணியாளர், இராமநாதபுரம்)

உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஒடிசாவில் 100 ஊர்களில் நடந்து 2014ல் வெளியான சோதனையில், கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. பேதியோ 8.8 சதவீதம், ஒப்பீட்டு ஊர்களில் 9.1. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். கட்டிய கழிப்பறையை எல்லோரும் பயன்படுத்தவில்லை. பாதிப் பேர் வெளியே போனால் ஊர் மண்ணில் மலம் இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை: கைக்குழந்தையின் மலம் எங்கே போகிறது? "குழந்தை மலம்தானே" என்று குப்பையிலோ வாய்க்காலிலோ போடுகிறார்கள். கிருமி அதில்தான் அதிகம். ஆய் கழுவிவிட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சோறு பிசைந்து ஊட்டினால் கழிப்பறை என்ன செய்யும்?

கைகழுவுவதைக் கேட்டு அறியாதீர்கள், பார்த்து அறியுங்கள். "சோப்பு போடுகிறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். கழிப்பறையிலிருந்து பத்தடிக்குள் சோப்பும் தண்ணீரும் சேர்ந்து இருக்கிறதா, சோப்பு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். சோப்பைக் காக்கா தூக்கும் என்று உள்ளே பூட்டி வைக்கும் வீடுகள் உண்டு. ஓட்டை போட்ட பழைய டப்பாவில் சோப்புத் துண்டைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டால் அந்தப் பிரச்சினை தீரும். இருபது விநாடி, உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண்.

உங்கள் கணக்கெடுப்பிலும் ஒரு கண் வையுங்கள். உதவி செய்தவரே வந்து கேட்டால் "குறைந்திருக்கிறது" என்று மரியாதைக்குச் சொல்வார்கள். ஒடிசாவிலேயே 2013ல் வெளியான இன்னொரு சோதனையில் பாதி வீடுகளுக்குக் குளோரின் மாத்திரையும் மீதிக்கு அதேபோல் தோன்றும் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. பேதியில் வேறுபாடு வரவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடாததால் பெரும்பாலான மாதிரிகளில் மிச்சக் குளோரின்கூட இல்லை. உங்கள் ஊரில் குறையவில்லை என்று மக்கள் மறைக்காமல் சொன்னார்களே, அந்தத் தரவு மதிப்புள்ளது.

கேள்வி: கேன் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டர் 40 காட்டுகிறது. சுத்தம்தானே?
(வாசகர், ஓசூர்)

அந்த மீட்டர் உப்பை அளக்கிறது. கிருமி அதற்குத் தெரியாது.

கேள்வி: பேதி தொடங்கிவிட்டால் வீட்டில் என்ன செய்வது?
(அங்கன்வாடிப் பணியாளர், தஞ்சாவூர் மாவட்டம்)

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எத்தனை மில்லி என்று முதலில் படியுங்கள். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கு. 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் கடைகளில் உண்டு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது ஆபத்து, உப்பு ஏறிப் பேதி கூடும். தாகம் தணிக்கும் குளுக்கோஸ் பவுடரும், கடையில் விற்கும் இனிப்புப் பானங்களும் இதற்கு மாற்று அல்ல. பொட்டலம் இல்லாத அவசரத்துக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

ஒவ்வொரு முறை போன பிறகும், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக. பாட்டிலில் வேண்டாம்.

அதோடு துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுங்கள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். 14 நாளும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களுக்குத் திரும்ப வருவது குறையும் என்பதைத் தாயிடம் சொல்லுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. "வயிறு காயட்டும்" என்று பட்டினி போடுவது குழந்தையை இன்னும் தளர்த்தும். மலத்தில் இரத்தம் இல்லாதபோது மருந்துக்கடையில் ஆண்டிபயாடிக் வாங்கித் தர வேண்டாம்.

கண் குழி விழுதல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத் திரும்புதல், சோர்ந்து மயக்கமாகக் கிடத்தல், எதையும் குடிக்க மறுத்தல், மலத்தில் இரத்தம், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: இவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்கள். வழியிலும் கரைசலை ஊட்டிக்கொண்டே போங்கள். கரைத்து வைத்ததில் 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.